ஐந்து வாசலில் ஐந்து கடை

ஒரு பெருச்சாளி வளைக்கு எத்தனை வாசல் இருக்கிறதோ, அத்தனை பெருச்சாளிகள் உள்ளே குடியிருக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது மிகப் பெரிய பிழை. படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். ஐந்து வாசலைப் பார்த்துவிட்டு ஐந்து பொறி வாங்கி, நான்கை வீணாக்குகிறார்கள். ஆகவே உண்மையை முதலிலேயே நிலைநாட்டிவிடுவது நல்லது. வாசல் எத்தனை ஆனாலும் வளைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். எந்த வாசலில் எட்டிப் பார்ப்பதும் அவருடைய மூக்குதான்.

இந்த உண்மையை உலகம் மறந்தால் பாதகமில்லை. கருவேலங்காட்டில் ஒரு பெருச்சாளியே இதை மறந்துபோனார்.

அவர் பெயர் பூதலிங்கம். கடலை வியாபாரி. காட்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். காட்டின் கிழக்கு ஓரத்தில் நிலக்கடலைத் தோட்டம் இருந்தது. அறுவடையில் மண்ணுக்குள் தங்கிப்போன கடலையைத் தோண்டி எடுத்து வளைக்குள் சேர்ப்பார். பிறகு தேங்காய்ச் சிரட்டையால் அளந்து விற்பார். வாங்குகிறவர்கள் அதற்கு ஈடாகப் பஞ்சு, வைக்கோல், தேன்மெழுகு கொண்டுவந்து கொடுப்பார்கள். மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகாமல் அடைக்க அவையெல்லாம் வேண்டும்.

வளையில் அவருடைய மனைவி வடிவும் ஏழு குட்டிகளும் இருந்தார்கள். மழை தொடங்கினால் அறுபது நாளைக்கு யாரும் வெளியே தலை நீட்ட முடியாது. நாளொன்றுக்கு ஒரு சிரட்டை கடலை. அறுபது நாளைக்கு அறுபது சிரட்டை. ஒன்று குறைந்தாலும் ஒரு நாள் பட்டினி.

பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, கணக்கு எழுதும் மைனா கோமு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணக்கை மரப்பட்டையில் அலகால் கொத்தி எழுதுவாள். ஒருமுறை கொத்தினால் அழிக்க முடியாது. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு மதிப்பு.

"அண்ணாச்சி, போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் முந்நூத்தி எண்பது சிரட்டை கிடைக்கும்னு வைப்போம். முந்நூறு வியாபாரத்துக்கு. எண்பது வீட்டுக்கு."

"சரி."

"வித்தது முந்நூறு. அதுல பத்துல ஒரு பங்கு பாறைமேட்டுக் களஞ்சியத்துக்கு. முப்பது."

பூதலிங்கத்தின் மீசை தொங்கிப்போனது.

பாறைமேட்டுக் களஞ்சியம் காட்டின் பொதுச் சொத்து. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கும் சாப்பாடு தீர்ந்தவர்களுக்கும் அங்கேதான் படியளப்பார்கள். ஒரு பருவத்தில் நூறு சிரட்டைக்கு மேல் விற்கும் கடை, விற்றது அத்தனைக்கும் பத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்கு வரியாகக் கட்ட வேண்டும். நூறுக்குள் விற்கும் சின்னக் கடைக்கு வரி கிடையாது. இதுதான் சட்டம்.

"எண்பதுல முப்பது போனா அம்பது. அறுபது நாளைக்கு அம்பது எப்படிப் பத்தும் கோமு?"

"அவசரப்படாதீங்க. குட்டிக் கழிவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வளையில அஞ்சு குட்டிக்கு மேல இருந்தா வரியில பத்து சிரட்டை தள்ளுபடி. உங்களுக்கு ஏழு இருக்கே! முப்பதுல பத்து போனா இருபது. எண்பதுல இருபது போனா அறுபது. கச்சிதமா வருது. என்ன, பருவம் தொடங்கறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். இன்னைக்கே கொடுத்துடலாமா?"

பூதலிங்கம் யோசித்தார். கச்சிதமாக வருவது நல்லதுதான். ஆனால் எண்பதில் இருபதைத் தூக்கிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்கு வெளியே தலையை நீட்டி இடது பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் வரிசையாக அவருடைய மற்ற நான்கு வாசல்கள் தெரிந்தன. அவர் கண் பளிச்சென்றது.

"கோமு! சட்டத்துல 'கடை'ன்னு இருக்கா, 'வளை'ன்னு இருக்கா?"

"வரிக்குக் 'கடை'. கழிவுக்கு 'வளை'."

"அப்போ நான் அஞ்சு கடை வைக்கிறேன்! வாசலுக்கு ஒண்ணு! கடைக்கு அறுபது சிரட்டை வித்தா முந்நூறு. ஒரு கடையும் நூறைத் தாண்டாது. வரி பூஜ்யம்!"

மைனா தலையை ஒருபுறம் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"கழிவு கேட்க முடியாதே அண்ணாச்சி. ஒரு வளைன்னு சொன்னாத்தான் குட்டிக் கழிவு. அஞ்சு கடைன்னு சொன்னா, கடைக்கு ஏது குட்டி?"

"வரியே இல்லாதவனுக்குக் கழிவு எதுக்கு?" என்று சிரித்தார் பூதலிங்கம்.

உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது. "ஒரு வாசலைப் பெருக்கவே எனக்கு முதுகு ஒடியுது. இனிமே அஞ்சு வாசலா?"

"அஞ்சு முதலாளிக்குப் பெண்டாட்டி ஆகப் போறே! சந்தோஷப்படு!"

"ஒருத்தரைச் சமாளிக்கிறதே போதும்" என்றாள் வடிவு.

மறுநாளே ஐந்து வாசலிலும் ஐந்து விதமான இலை தொங்கியது. ஆல், அரசு, வேம்பு, புங்கு, பூவரசு. இலைக்கு ஒரு கடை. ஆலிலைக் கடையில் பூதலிங்கம் அடக்கமாக உட்கார்ந்தார். வேப்பிலைக் கடையில் காதில் பூ வைத்துக்கொண்டார். பூவரசங் கடையில் மூக்கால் பேசினார்.

ஒருநாள் ஒரு கௌதாரி கடலை வாங்க வந்தது. அது விலை கேட்காமல் எதையும் வாங்காத கௌதாரி.

"ஒரு சிரட்டைக்கு எவ்வளவு பஞ்சு?" என்று ஆலிலைக் கடையில் கேட்டது.

"மூணு பிடி."

"அநியாயம்! நான் வேப்பிலைக் கடையில கேட்டுப் பார்க்கிறேன்."

"அவன்கிட்டயா? அளவுல அடிப்பானே!" என்றார் பூதலிங்கம். கௌதாரி கேட்கவில்லை. விறுவிறு என்று நடந்தது. பூதலிங்கம் வளைக்குள் பாய்ந்து, குட்டிகளின் மேல் ஏறி விழுந்து ஓடி, வழியில் பூவைப் பிடுங்கிக் காதில் செருகிக்கொண்டு வேப்பிலை வாசலில் தலையை நீட்டினார். மூச்சு வாங்கியது.

"என்ன ஐயா, உங்களுக்கு இப்படி இரைக்குது?"

"வியாபாரம் அமோகம்! மூணு பிடி பஞ்சு."

"அங்கேயும் மூணு, இங்கேயும் மூணா? ஆலிலைக் கடைக்காரர் உங்களை அளவுல அடிப்பவர்னு சொன்னாரே!"

பூதலிங்கத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "அந்தப் பயலா சொன்னான்? அவன் யோக்கியதை எனக்குத் தெரியாதா!"

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்" என்றார். சொல்லிவிட்டு, நெடுநேரம் ஆலிலைக் கடைக்காரன் மேல் வருத்தமாகவே இருந்தார்.

கணக்கு விஷயத்தில் கோமு விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்கு ஒரு பட்டைக்கட்டு வைத்துக்கொண்டு, இரண்டாவது கடையான அரசிலைக் கடையின் வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"இந்தக் கடைக்குக் கடலை எங்கிருந்து வந்துச்சு? கடைன்னு இருந்தா சரக்கு வந்த வழி எழுதணும். அதுவும் சட்டம்தான்."

"ஆலிலைக் கடையிலிருந்து வந்துச்சு." தோட்டத்தை ஒட்டிய வாசல் அது ஒன்றுதான். எல்லாக் கடலையும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும்.

"சும்மா கொடுத்தாங்களா?"

"சும்மா கொடுத்தா ரெண்டும் ஒரே கடைன்னு ஆயிடுமே!"

"அப்போ வித்தாங்க."

"ஆமா. வித்தாங்க."

மைனா ஆலிலைப் பட்டையில் 'விற்றது' என்று கொத்தினாள். அரசிலைப் பட்டையில் 'வாங்கியது' என்று கொத்தினாள்.

"மூணாவது கடைக்கு?"

"அரசிலைக் கடை வித்துச்சு. வளை நேர்கோடா போகுது. ஒரு கடையைத் தாண்டித்தானே அடுத்த கடைக்குப் போகணும்?"

"இது எல்லாமே எழுத்துல ஏறுது அண்ணாச்சி. பட்டையில கொத்தினா கொத்தினதுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது அஞ்சு கடையா, ஒரு கடையா?"

"அஞ்சு!" என்றார் பூதலிங்கம் அழுத்தமாக.

அப்படியே எழுதப்பட்டது. ஆலிலைக் கடை அந்தப் பருவத்தில் அறுபது சிரட்டையை வெளியாருக்கு விற்றது. மீதி இருநூற்று நாற்பதை அரசிலைக் கடைக்கு விற்றது. அரசிலைக் கடை அறுபதை வெளியே விற்று, நூற்றெண்பதை வேப்பிலைக் கடைக்கு விற்றது. வேப்பிலை அறுபது போக நூற்றிருபதைப் புங்கிலைக்கு விற்றது. புங்கிலை அறுபது போக அறுபதைப் பூவரசுக்கு விற்றது. பூவரசு அறுபதையும் வெளியாருக்கு விற்று முடித்தது. கடலை ஒரே வளைக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கணக்கு வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது.

பருவக் கடைசியில் பூதலிங்கம் ஐந்து கட்டுகளையும் கூட்டச் சொன்னார். கோமு கூட்டினாள்.

"விற்பனை, முந்நூறு, இருநூத்தி நாப்பது, நூத்தியெண்பது, நூத்தியிருபது, அறுபது. ஆக மொத்தம் தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரமா!"

பூதலிங்கத்தின் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டன. அன்று மாலை கோரைக்குளத்தின் கரையில், தண்ணீர் குடிக்க வந்த அத்தனை பேரும் கேட்கும்படி பேசினார்.

"இந்தப் பருவம் நம்ம வியாபாரம் தொள்ளாயிரம் சிரட்டை! எல்லாக் கடையும் நம்மளோடதுதான்! காட்டுல யாருக்கு இருக்கு இப்படி?"

"எல்லாம் உங்க கடைதானா? ஆலிலைக் கடைக்காரர் தூரத்துச் சொந்தம்னீங்களே!" என்றது கௌதாரி.

"சொந்தம்தான். கொஞ்சம் நெருங்கின சொந்தம்" என்று சமாளித்தார் பூதலிங்கம்.

வீடு திரும்பும்போது கோமு மெதுவாகச் சொன்னாள். "தோண்டினது முந்நூத்தி எண்பது. வீட்டுல இருக்கறது எண்பது. தொள்ளாயிரம் எங்கிருந்து வரும் அண்ணாச்சி? உங்க கடலையை நீங்களே திரும்பத் திரும்ப வாங்கியிருக்கீங்க."

"வரிக்கு அஞ்சு கடை, பெருமைக்கு ஒரு கடை! அதுக்குப் பேர்தான் வியாபாரம்!"

கோமுவுக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆகவே அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் மழைக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில் வரி பார்க்கிறவர் வந்தார். அவர் ஓர் அழுங்கு. உடம்பு முழுக்கச் செதில் மூடிய எறும்புத்தின்னி. நிதானமாக நடப்பார். அதைவிட நிதானமாகப் பேசுவார். கோமு பட்டைக்கட்டுகளோடு வந்து நின்றாள்; கௌதாரியும் இன்னும் பலரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

"வாங்க ஐயா, வாங்க! புதுக் கடலை. ரெண்டு வாயில போட்டுப் பாருங்க!" என்று பூதலிங்கம் ஒரு சிரட்டை நிறைய எடுத்து நீட்டினார்.

"எனக்குப் பல் கிடையாது" என்றார் அழுங்கு. உண்மையில் அழுங்குகளுக்குப் பல் கிடையாது. காட்டில் வரி பார்க்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவந்ததற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

அவர் ஐந்து பட்டைக்கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, நகத்தால் தடவித் தடவிப் படித்தார். பூதலிங்கம் ஐந்து வாசலுக்கும் ஓடி ஓடி வணக்கம் சொன்னார்.

"ஐந்தும் தனித்தனிக் கடைகளா?"

"தனித்தனி, ஐயா! ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தைகூட அவ்வளவாக் கிடையாது!"

"நல்லது. ஆலிலைக் கடை விற்றது முந்நூறு. நூறைத் தாண்டிவிட்டது. வரி முப்பது."

"ஐயா, வெளியே போனது அறுபதுதானே!"

"அரசிலைக் கடைக்கு விற்றது இருநூற்று நாற்பது என்று எழுதியிருக்கிறதே. அரசிலைக் கடை வேறு கடைதானே?"

பூதலிங்கம் வாசலில் தொங்கிய அரசிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அரசிலை, இருநூற்று நாற்பது. வரி இருபத்து நான்கு. வேப்பிலை, பதினெட்டு. புங்கிலை, பன்னிரண்டு. பூவரசு நூறுக்குள் இருக்கிறது. வரி இல்லை." பூவரசுக் கடையைப் பார்த்துப் பாராட்டும் தோரணையில் தலையசைத்தார். "ஆக எண்பத்து நான்கு சிரட்டை. இன்று மாலைக்குள் பாறைமேட்டில் சேர்த்துவிடுங்கள்."

வளைக்குள் இருந்தது எண்பது. அத்தனையும் கொடுத்தாலும் நாலு பாக்கி நிற்கும். உள்ளே ஏழு குட்டிகளில் ஏதோ ஒன்று பசிக்கிறது என்று கத்தியது. இன்னும் ஒரு சொட்டு மழை விழவில்லை.

பூதலிங்கம் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு வாசலுக்கு ஓடினார். அங்கிருந்து திரும்ப ஓடிவந்தார். காதிலிருந்த பூ எங்கோ விழுந்துவிட்டது. "ஐயா, ஆலிலைக் கடையும் நான்தான்! அரசிலையும் நான்தான்! அஞ்சும் நான்தான்! என் கடலையை நானே எனக்கு வித்துக்கிட்டேன்!"

"எதற்காக?"

பூதலிங்கம் கோமுவின் பக்கம் திரும்பினார்.

அழுங்கும் மைனாவைப் பார்த்தார். "கணக்கு எழுதியது நீயா?"

"நான்தான் ஐயா. அவர் சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு சிரட்டைகூடப் பொய் இல்லை. சரக்கு வந்த வழியும் போன வழியும் அப்படியே இருக்கு. வெளியாருக்குப் போனதைத் தனியாப் புள்ளி வெச்சுக் காட்டியிருக்கேன். அதைக் கூட்டினா முந்நூறுதான் வரும்."

அழுங்கு மறுபடியும் நகத்தால் தடவினார். புள்ளிகள் இருந்தன. அவசரமில்லாமல் எல்லாவற்றையும் எண்ணினார். முந்நூறுதான் வந்தது.

"ஒரே ஆளுடைய ஒரே கடை என்றால், உள்ளுக்குள் கைமாறியது விற்பனை ஆகாது. இடது கையிலிருந்து வலது கைக்குப் போனதற்கு யாரும் வரி கேட்க முடியாது. வெளியே போனது முந்நூறு. வரி முப்பது. ஆனால் நீங்கள் இப்போது சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஐந்து கடையா, ஒரு கடையா?"

"ஒரு கடை" என்றார் பூதலிங்கம். மிகவும் மெல்லிய குரலில்தான் சொன்னார். இருந்தாலும் கௌதாரி உட்பட எல்லோருக்கும் கேட்டது.

"தொள்ளாயிரம்?" என்றது கௌதாரி.

"முந்நூறு."

அழுங்கு கிளம்பத் திரும்பினார். பூதலிங்கம் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"ஐயா, ஒரே வளைன்னு ஆயிடுச்சே. ஏழு குட்டி இருக்கு. குட்டிக் கழிவு பத்து தள்ளுபடி கிடைக்கும்ல?"

"கிடைத்திருக்கும். பருவம் தொடங்குவதற்கு முன் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது உங்களிடம் ஐந்து கடைகள் அல்லவா இருந்தன?" என்று வருத்தத்தோடு சொன்னார் அழுங்கு. அந்த வருத்தம் உண்மையானது. சட்டத்தில் இருக்கும் சலுகையை ஒருவர் வாங்காமல் விட்டுவிட்டால் அவருக்கு மனசு கேட்காது.

அன்று மாலை முப்பது சிரட்டை கடலை பாறைமேட்டுக்குப் போனது. வளையில் ஐம்பது நின்றது.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்று கோமு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பூதலிங்கத்துக்கு அதிகமாக உறைத்தது.

மழை தொடங்கியது. ஐம்பது நாள் ஐம்பது சிரட்டையில் போயின. ஐம்பத்தோராம் நாள் காலையில் வடிவு காலிச் சிரட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பூதலிங்கம் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, நனைந்துகொண்டே பாறைமேட்டுக்கு ஏறினார். வரிசையில் அவருக்கு முன்னால் வீடு இடிந்த இரண்டு முயல்களும் ஒரு கிழட்டு உடும்பும் நின்றன. படியளக்கிற நாரை அவர் சிரட்டையை நிரப்பித் தந்தது. அது கொடுத்தது கடலை. பூதலிங்கத்துக்கு அது எந்தக் கடலை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தோலிலேயே தெரியும். அவர் தோண்டியது அது.

பத்து நாளும் அப்படியே ஏறி இறங்கினார். குட்டிகள் பட்டினி கிடக்கவில்லை.

பிரித்துக் காட்டுவது லாபம் என்னும்போது பிரித்தும், சேர்த்துக் காட்டுவது பெருமை என்னும்போது சேர்த்தும் கணக்குச் சொல்கிறவன், ஒன்றாகவே சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சலுகையையும் இழந்து நிற்பான்.

மழை விட்ட மறுவாரம், கருவேலங்காட்டில் வெவ்வேறு வியாபாரிகளின் வளைகளில் தனிக் கடை என்று இலை தொங்கிய பதினொரு வாசல்கள் மண் போட்டு மூடப்பட்டன.